ஓட்டையைத் தேடியவர்: டாக்டர் ஜூல் கோனின்

மலர்க் குழு நண்பர்கள் இந்த வருடம் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எஞ்சினியர் என்றால் விஸ்வேஸ்வரய்யா, இல்லாவிட்டால் ஜி.டி. நாயுடு. ஓசூர்க்காரன் என்றால் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. இவர்களைப் பற்றி எழுதாத மலர் தமிழ்நாட்டில் உண்டா என்ன? அதனால் நான் கொஞ்சம் தள்ளிப் போய், 1935-லேயே காலமாகிவிட்ட ஒரு சுவிட்சர்லாந்து கண் டாக்டரை எடுத்துக்கொண்டேன். உலகத்தில் எந்தக் கண் டாக்டரிடம் கேட்டாலும் அவர் பெயர் தெரியும். நம்மைப் போன்ற ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்குத் தெரியாது. ஆனால் ஓசூர் சிப்காட்டிலிருந்து கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகள் வரை, சுத்தியலும் உளியும் கிரைண்டிங் வீலும் ஓடுகிற இந்தப் பகுதியில், அவர் கண்டுபிடித்த விஷயத்தால் பார்வை பிழைத்தவர்கள் நம் நடுவிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் ஜூல் கோனின். பிரெஞ்சு முறைப்படி கடைசி எழுத்தை மூக்கால் இழுத்து 'கோனேன்' என்று முடிக்க வேண்டுமாம். நம் வாய்க்கு கோனின்தான் வருகிறது, அப்படியே வைத்துக்கொள்வோம்.

அவர் செய்த காரியம் புரிய வேண்டுமானால் முதலில் கண்ணின் கட்டுமானம் கொஞ்சம் தெரிய வேண்டும். கண் என்பது சுமார் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்து. வெளியே கெட்டியான வெள்ளை ஓடு. அதற்கு உள்ளே ரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு என்ற படலம். அதற்கும் உள்ளே, சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி விழித்திரை, அதாவது ரெட்டினா. அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத இந்தத் திரைதான் வெளிச்சத்தை வாங்கி மூளைக்கு அனுப்புகிறது. பந்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல ஒரு கூழ். வேடிக்கை என்னவென்றால், விழித்திரை பெரும்பாலான இடத்தில் பசை போட்டு ஒட்டப்படவில்லை. பின்பக்க நரம்பைச் சுற்றியும், முன்பக்க ஓரத்திலும்தான் நல்ல பிடிப்பு. நடுவில் சும்மா படிந்துதான் இருக்கிறது. அது சுவரை விட்டுப் பிரிந்துவிட்டால், கோராய்டிலிருந்து வரவேண்டிய உணவும் ஆக்சிஜனும் நின்றுபோய், பார்வை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நோயாளிக்கு வலி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று இறங்கும், அவ்வளவுதான்.

வயதானாலோ, கிட்டப்பார்வை அதிகமாக இருந்தாலோ இது தானாகவே வரலாம். அடிபட்டும் வரலாம். அடியில் இரண்டு விதம். ஒன்று மொட்டை அடி: பந்து, கட்டை, அறுந்து வந்து அடிக்கிற பெல்ட். கண் ஒரு நொடி அமுங்கி அகலமாகும்போது விழித்திரையின் ஓரம் கிழிந்துபோகும். இன்னொன்று துளைத்துக்கொண்டு போகும் காயம்: சுத்தியலும் உளியும் மோதும்போது தெறிக்கும் இரும்புச் சில்லு. இரண்டையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கோனின் 1870 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லோசான் நகரில் பிறந்தார். ஜெனீவா ஏரிக் கரையில், பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள ஊர் அது. படித்தது அங்கே, வேலை பார்த்தது அங்கே, காலமானதும் அங்கேதான். இந்தக் காலத்தில் முப்பது வயதுக்குள் மூன்று கம்பெனி, நான்கு ஊர் மாறுகிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

அவருடைய ஆரம்ப ஆராய்ச்சி கண்ணைப் பற்றியதே இல்லை. முட்டைக்கோஸ் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பற்றியது! புழுவாக இருக்கும்போதே அதன் உடம்புக்குள் வருங்கால இறக்கைகளும் கால்களும் எப்படி உருவாகி மடிந்து கிடக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்லிய சீவல்களாக வைத்துப் பார்த்து 1894-ல் வெளியிட்டார். புழுவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் அபிப்பிராயத்தில் எல்லாச் சம்பந்தமும் உண்டு. மடிந்து சுருண்டு கிடக்கிற மெல்லிய தோலைப் பொறுமையாகச் சீவி, எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது எங்கே இழுக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் விழித்திரையிலும் அவர் செய்தது அதே வேலைதான்.

லோசானில் 1843-ல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் இல்லம் ஒன்று உண்டு. அதோடு சேர்ந்து ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே மார்க் டியூஃபூர் என்ற பெரிய கண் டாக்டர் தலைமை வகித்தார். கோனின் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1900-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழியில் கண் மருத்துவத்துக்கு ஒரு பெரிய கலைக்களஞ்சியம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் விழித்திரை நோய்கள் பற்றிய பகுதி டியூஃபூருக்கு வந்தது. அதில் பெரும்பாரம் சிஷ்யப்பிள்ளை தலையில் விழுந்தது. நம் ஊர் வழக்கமும் அதுதானே! அந்தப் பகுதி 1906-ல் வெளிவந்தது. அதற்காக கோனின் பழைய இலக்கியம் முழுவதையும் புரட்டினார், பிரிந்த விழித்திரை உள்ள கண்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு விஷயம் அவர் மனதில் உறுத்த ஆரம்பித்தது.

அன்றைக்கு விழித்திரைப் பிரிவுக்கு என்ன வைத்தியம் என்று பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். இரண்டு கண்ணையும் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். வியர்க்க வைக்க மருந்து, பாதரசம், உப்பில்லாச் சாப்பாடு. சிலர் கண்ணில் ஊசி குத்தித் தேங்கிய நீரை வடித்தார்கள். இரண்டு நாளில் திரும்பத் தேங்கும். சிலர் அயோடின் செலுத்தினார்கள். முயலின் கண்கூழை எடுத்து மனிதக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தவர்கூட உண்டு. 1912-ல் அமெரிக்கக் கண் டாக்டர் ஒருவர் தன் நாட்டுச் சகாக்களிடம் விசாரித்துக் கணக்கெடுத்தபோது, குணமானவர்கள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர் என்று வந்தது. ஆயிரத்தில் ஒன்று என்றால் அது வைத்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

இங்கேதான் கோனினின் கேள்வி வருகிறது. நாம் டேங்கில் லீக் என்றால் என்ன செய்வோம்? தரையில் நிற்கிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்போமா, லீக் எங்கே என்று தேடுவோமா? அத்தனை வைத்தியர்களும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். விழித்திரைக்குப் பின்னால் நீர் ஏன் வந்தது என்பதற்குப் பல தியரிகள் இருந்தன. கோராய்டு வியர்க்கிறது என்றார்கள், கண்ணின் அழுத்தம் குறைந்துவிட்டது என்றார்கள். விழித்திரையில் கிழிசல் இருப்பதை முன்பே பலர் பார்த்திருந்தார்கள். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் ஆஃப்தால்மாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிறகு அது கண்ணில் படாமல் இருக்குமா? தே வெக்கர், லேபர் என்ற இரண்டு பெரியவர்கள் கிழிசல்தான் காரணமாக இருக்கலாம் என்று சொல்லியும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கிழிசலை நோயின் விளைவு என்றே எடுத்துக்கொண்டார்கள். சில கண்களில் கிழிசலே தென்படவில்லை என்பது அவர்களுக்குச் சாதகமாகப் போயிற்று.

கோனின் 1904 முதல் இதை எழுத ஆரம்பித்தார். நடுவில் உள்ள கூழ் சுருங்கும்போது, விழித்திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் பிடித்து இழுக்கிறது. அங்கே கிழிகிறது. கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்னால் புகுந்து, காகிதத்தைச் சுவரிலிருந்து உரித்துவிடுகிறது. எனவே கிழிசல்தான் காரணம், பிரிவு அதன் விளைவு. கிழிசல் தென்படவில்லை என்றால் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து அடைத்தால் விழித்திரை திரும்ப ஒட்டும், அடைக்காவிட்டால் ஒட்டாது. அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இந்த ஒரே விஷயம்தான். நம் க்வாலிட்டி டிபார்ட்மென்ட் ஆட்கள் 'ரூட் காஸ்' என்று தினமும் ஜபிக்கிற மந்திரத்தை அந்த மனிதர் நூறு வருடத்துக்கு முன்பே, கண்ணுக்குள் கையை வைத்து நிரூபிக்கத் துணிந்தார்.

எப்படி அடைப்பது? உள்ளே பஞ்சர் ஒட்டுகிற மாதிரி பசை தடவ முடியாது. சூடு போட்டால் தழும்பு வரும், தழும்பு விழித்திரையையும் கோராய்டையும் சேர்த்து ஒட்டிவிடும். இதுதான் அவர் யோசனை. நம் கிராமங்களில் மஞ்சள்காமாலைக்குக் கையில் சூடு போடுவார்கள், தெரியும் அல்லவா? அதில் நோய்க்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. கோனினின் சூடு, போட வேண்டிய இடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு வைத்திருந்தது.

அந்தக் கணக்குதான் எஞ்சினியர்களான நாம் ரசிக்க வேண்டிய பகுதி. பிரச்னை என்னவென்றால், கிழிசல் தெரிவது உள்ளேயிருந்து, பாப்பா வழியாக, தலைகீழ் பிம்பமாக. சூடு போட வேண்டியதோ வெளியேயிருந்து, ஒளி புகாத வெள்ளை ஓட்டின் வழியாக. உள்ளே பார்த்த புள்ளியை வெளியே மார்க் பண்ண வேண்டும். ஒரு பந்துக்குள் இருக்கும் புள்ளிக்கு இரண்டு அளவு தெரிந்தால் போதும். கண்ணைக் கடிகார முகமாக நினைத்து, எத்தனை மணிக் கோட்டில் கிழிசல் என்பது முதல் அளவு. முன் ஓரத்திலிருந்து எவ்வளவு பின்னால் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதற்கு ஸ்கேல் எங்கே போவது? கண்ணுக்குள்ளேயே ஒரு ஸ்கேல் இருக்கிறது. பார்வை நரம்பு நுழையும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கிழிசல் ஓரத்திலிருந்து இத்தனை வட்டம் தள்ளி என்று எண்ணினால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும். கறுவிழியின் விளிம்பிலிருந்து விழித்திரையின் முன் ஓரம் சுமார் 8 மில்லிமீட்டர். அதையும் கூட்டிக்கொண்டால் வெளியே எங்கே வெட்டுவது என்று வந்துவிடும். மார்க்கிங் டேபிளில் ஹைட் கேஜ் வைத்துக் கோடு போடுகிற அதே சங்கதி! ஆபரேஷனுக்கு முன் அவர் மணிக்கணக்காகக் கண்ணுக்குள் பார்த்து, பார்த்ததைப் படமாக வரைந்துகொள்வார்.

பிறகு கண்ணை மரத்துப்போகச் செய்து, குறித்த இடத்தில் வெள்ளை ஓட்டைச் சின்னதாகக் கீறி, தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டு, பாக்கலின் கருவியின் செம்பழுப்பாய்ப் பழுத்த பிளாட்டின முனையை அந்தக் கீறலுக்குள் இரண்டு மூன்று நொடி விடுவார். பென்சீன் ஆவியால் உள்ளிருந்தே சூடேறும் கருவி அது. அன்றைய சர்ஜன்கள் ரத்தம் நிறுத்தப் பயன்படுத்தியது. சரியான இடத்தில் பட்டிருந்தால் கிழிசலின் உதடுகள் தழும்பில் மாட்டிக்கொள்ளும். பிறகு காத்திருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் இன்னொரு கிழிசல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பத் தேட வேண்டும். ஒரே கண்ணை இரண்டு மூன்று தடவை ஆபரேஷன் செய்தும் அவர் விடவில்லை. இந்த முறைக்கு இக்னிபங்க்சர் என்று பெயர், தமிழில் நெருப்புக் குத்து எனலாம்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-20 வாக்கில் தன் முடிவுகளைச் சகாக்கள் முன் வைத்தார். 1920-ல் லோசான் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவப் பேராசிரியரும் ஆனார். உலகம் கைதட்டியதா என்றால், அதுதான் இல்லை. ஏறக்குறைய பத்து வருடம் அவர் பேச்சு எடுபடவே இல்லை. சிலர் நம்பவில்லை. சிலர் செய்து பார்த்துவிட்டு, வேலைக்கு ஆகாது என்று எழுதினார்கள். இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கிழிசலைத் தேடும் பொறுமையும் ஆஃப்தால்மாஸ்கோப் பழக்கமும் இல்லாமல், நீர் தேங்கிய இடத்தில் சும்மா சூடு போட்டால் எப்படி ஒட்டும்? முறையின் பாதி கையில் இருந்தது, மீதிப் பாதி கண்ணில் இருந்தது. கையை மட்டும் காப்பி அடித்தார்கள். ஒரு ட்ராயிங்கில் டாலரன்ஸை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்து பார்ட் செய்கிறவன் கதைதான்.

அவர் சண்டைக்குப் போகவில்லை. எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நோயாளி வந்து எத்தனை நாள், எங்கே கிழிசல், எத்தனை கிழிசல், அடைந்ததா, எவ்வளவு பார்வை, எத்தனை மாதம் நிலைத்தது என்று பதிவு. அதிலிருந்து ஒரு உண்மை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது: சீக்கிரம் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன், மாதக்கணக்கில் தள்ளி வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வெற்றி அவர் கையில் ஏறக்குறைய இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வந்தது. புதிதாகப் பிரிந்த கண்களில் அதற்கும் மேல்.

1929-ல் ஹாலந்தில், ஆம்ஸ்டர்டாமிலும் ஹேக்கிலுமாக, சர்வதேசக் கண் மருத்துவ மாநாடு கூடியது. அங்கேதான் காற்று திரும்பியது. கோனின் மட்டும் பேசியிருந்தால் பழைய கதைதான் நடந்திருக்கும். ஆனால் இந்தத் தடவை பார்சிலோனாவின் அர்ருகா, உட்ரெக்டின் வேவே, அவருடைய சொந்த சிஷ்யர் மார்க் ஆம்ஸ்லர் ஆகியோர் தாங்களும் செய்து பார்த்து ஒட்டிய கண்களின் கணக்கோடு பக்கத்தில் நின்றார்கள். ஒரு முறை வேறு ஊரில், வேறு கையில் திரும்பவும் வேலை செய்கிறது என்பதைவிடப் பெரிய சாட்சி ஏது? அதற்குப் பிறகு லோசான் ஒரு திருத்தலம் மாதிரி ஆகிவிட்டது. எல்லா நாட்டுக் கண் டாக்டர்களும் அங்கே போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நோயாளிகளும் ரயிலேறி வந்தார்கள். இத்தனைக்கும் அவர் ஒரு கட்டிலும் ஒரு கருவியும் வைத்துக்கொண்டு, தொடங்கிய அதே ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

ஆம்ஸ்லர் என்ற பெயரை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கண் டாக்டர் க்ளினிக்கில், நடுவில் புள்ளி வைத்த கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, கோடு நெளிகிறதா என்று கேட்பார்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம், ஐந்து மில்லிமீட்டர் கட்டங்கள், நம் கிராஃப் ஷீட்டின் தம்பி. அது இந்த ஆம்ஸ்லர் செய்ததுதான். கோனினுக்குப் பிறகு லோசான் நாற்காலியில் உட்கார்ந்தவரும் இவரே.

1934-ல் கோனின் முப்பது வருட உழைப்பையெல்லாம் சேர்த்து விழித்திரைப் பிரிவு பற்றிய தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். மறு வருடம், 1935 ஜூனில், 64 வயதில் காலமானார். அதற்குள்ளேயே அவருடைய பழுத்த பிளாட்டின முனைக்கு வயதாகிவிட்டது. மின்சாரச் சூடான டயதெர்மி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்தவர்களில் வேவேயும் ஒருவர். இது கோனினுக்குத் தோல்வி அல்ல. கருவி மாறியது, கிழிசலைத் தேடி அடை என்ற விதி மாறவில்லை. இன்றைக்கு லேசர், குளிர் உறைவு என்று என்னென்னவோ வந்தும் விதி அதே விதிதான். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இப்போது அவர் பெயரில் இருக்கிறது. 1971-ல் சுவிட்சர்லாந்து தபால் துறை மருத்துவர்கள் வரிசையில் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஆனால் அவரால் முடியாததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் புகழ்மாலை ஆகிவிடும். இரும்புச் சில்லு துளைத்துக்கொண்டு உள்ளே போன கண்ணில் கோனின் முறைக்கு எல்லை உண்டு. அப்படிப்பட்ட கண்ணில் ரத்தம் கட்டியிருக்கும், கிழிசலைப் பார்க்கவே முடியாது. சில வாரத்தில் காயத்திலிருந்து தழும்புத் திசு கயிறு மாதிரி கூழுக்குள் வளர்ந்து, சுருங்கி, விழித்திரையைப் பிடித்து இழுத்துவிடும். ஓட்டையை அடைத்தாலும் கயிறு இழுத்துக்கொண்டே இருந்தால் எப்படி நிற்கும்? சில்லு உள்ளேயே தங்கினால் இன்னொரு ஆபத்து. அது கண்ணுக்குள்ளேயே மெல்லத் துருப்பிடித்து விழித்திரையை விஷமாக்கும். கோனினின் நாட்டுக்காரரே ஆன ஜூரிச் டாக்டர் ஹாப், 1892-ல் ராட்சத மின்காந்தம் ஒன்றை வைத்துச் சில்லை வெளியே இழுத்தார். அது ஒரு பாதி. கயிற்றை அறுப்பது 1970 வரை காத்திருந்தது. அந்த வருடம் மியாமியில் ராபர்ட் மாக்கெமர் என்ற டாக்டர், கண்ணின் ஓரத்தில் சின்னத் துளை வழியாக நுழைந்து கூழை வெட்டி உறிஞ்சி, அதே நேரத்தில் திரவத்தை நிரப்பும் விட்ரெக்டமி முறையைத் தொடங்கினார். அவரோடு கருவியைச் செய்தவர் ஜான்-மரி பரேல் என்ற எஞ்சினியர் என்பதை இந்த மலரில் எழுதாமல் எங்கே எழுதுவது! ஆரம்பச் சோதனை கோழிமுட்டை வெள்ளைக்கருவில்தான் நடந்ததாம்.

இரண்டுக்கும் நடுவில், வெள்ளை ஓட்டை வெளியிலிருந்து அமுக்கிக் கிழிசலுக்கு முட்டுக் கொடுக்கும் பக்கிள் முறை வந்தது. 1949-ல் ஜெர்மனியில் கஸ்டோடிஸ் தொடங்கியதை, அமெரிக்காவில் சார்லஸ் ஷெப்பன்ஸ் கண்ணைச் சுற்றி பெல்ட் போடும் அளவுக்கு வளர்த்தார். இந்த ஷெப்பன்ஸ் ஒரு பெல்ஜியக்காரர். இரண்டாம் உலகப் போரில் வேறு பெயரில் பிரனீஸ் மலையில் மரம் அறுக்கும் மில் நடத்துவது போல நடித்து, நாஜிகளிடமிருந்து ஆட்களை எல்லை தாண்ட வைத்தவர். அவர் கதை தனி மலருக்கே ஆகும். இரண்டு கண்ணாலும் உள்ளே ஆழம் தெரியப் பார்க்கிற, தலையில் மாட்டும் ஆஃப்தால்மாஸ்கோப்பும் அவர் செய்ததே. கோனின் மணிக்கணக்காகத் தேடிய கிழிசல் அதில் நிமிடங்களில் அகப்பட்டது. 1960-களின் இறுதியில் பாஸ்டனில் அவரிடம் பயின்று திரும்பிய தமிழர்தான் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கி, விழித்திரை ஆபரேஷனை நம் மாநிலத்தில் சாதாரண மனிதனுக்கும் எட்டும் விஷயமாக்கியவர்களில் ஒருவர், 2023-ல் காலமானார். லோசானில் எரிந்த நெருப்பு நம்மிடம் வந்து சேர்ந்த வழிகளில் இது ஒன்று.

இனி நம் ஊர் சமாச்சாரம். 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஓசூர் மாறியது எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பெனிகளில் கண்ணாடி போடாமல் லைனுக்குள் கால் வைக்க முடியாது. அவற்றுக்கு பார்ட்ஸ் செய்து கொடுக்கும் சின்ன ஷெட்டுகளிலும், கல் உடைக்கும் இடங்களிலும் அப்படி இல்லை. கண்ணாடி ஆணியில் தொங்கும். வியர்வையில் பனி படர்கிறது, வேலை ஓடலை என்பார்கள். பொய் இல்லை, ஏப்ரல் மாதத்தில் போட்டுப் பார்த்தால் தெரியும். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் 35-ஆம் பிரிவில் கண் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையோ, இன்னொரு கண் நன்றாக இருந்து ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால், சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நஷ்டம் என்று எழுதியது. கண்ணே போனால் 40. மைக்ரோமீட்டர் படிக்கிற ஆளுக்கும் அதே 30, மூட்டை தூக்குகிற ஆளுக்கும் அதே 30.

துளைத்த காயம் என்றால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், வண்டி பிடித்து ஓடுவார்கள். அந்தக் கண்ணைத் தேய்க்காமல், தண்ணீர் விட்டுக் கழுவாமல், அழுத்திக் கட்டாமல், மேலே ஒரு கப்பைக் கவிழ்த்து மூடிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டியது. எனக்குப் பயமே மொட்டை அடியில்தான். கண் சிவக்கும், வீங்கும், நாலு நாளில் வடியும், ஆள் வேலைக்கு வந்துவிடுவான். உள்ளே ஓரத்தில் கிழிந்திருப்பது அவனுக்குத் தெரியாது. இளம் வயதுக்காரர்களுக்குக் கூழ் கெட்டியாக இருப்பதால் கிழிசலைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் நீர் மெதுவாகத்தான் புகும். ஷெப்பன்ஸும் சகாக்களும் 1966-ல் வெளியிட்ட கணக்கின்படி, மொட்டை அடியால் வந்த பிரிவுகளில் பாதிதான் எட்டு மாதத்துக்குள் கண்டறியப்பட்டன. இரண்டு வருடம் கழித்தும் ஐந்தில் ஒன்று பாக்கி. இரண்டு வருடம் முன்னால் பட்ட அடியை யார் ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பார்கள்? முதல் வாரத்திலேயே பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்க்கிற டாக்டரிடம் போனால் கிழிசல் அகப்பட்டுவிடும். பிரிவதற்கு முன் என்றால் லேசரோ உறைவோ போட்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எனக்குப் பழக்கமான ஃபிட்டர் ஒருவர், வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று பேசுகிற அசல் ஓசூர்க்காரர். ஒரு சின்ன ஷெட்டில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்து இடது கண்ணில் அடித்தது. மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தோடு அந்த விஷயம் முடிந்தது. ஐந்து மாதம் கழித்து, பைக் ஓட்டும்போது கீழேயிருந்து ஒரு நிழல் ஏறுகிறது என்று யதேச்சையாகச் சொன்னார். வலி இல்லை, அதனால் பொங்கல் கழித்துப் போகலாம் என்று இருந்தார். அவர் சம்சாரம்தான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஜூஜூவாடி தாண்டி பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நடுப் பார்வைப் பகுதி பிரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தது அவர் யோகம். அது ஒரு தடவை பிரிந்துவிட்டால், திரும்ப ஒட்டினாலும் பழைய கூர்மை வருவது கஷ்டம். சிலிக்கான் பக்கிள் போட்டார்கள். இப்போது வெர்னியர் படிக்கிறார்.

டிஸ்சார்ஜ் ஆனபோது அவருடைய கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வட்டம், சுற்றிலும் கடிகாரம் போல மணிகள். ஒட்டியிருக்கிற விழித்திரை சிவப்புப் பென்சிலில், பிரிந்தது நீலத்தில். பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில், ஓரத்தை ஒட்டி, நீலக் கரை கட்டிய ஒரு சிவப்புக் கிழிசல்.